அம்மா ஓடிய நாள்

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் பேசியிருக்கலாம். பெரியவன் உன் நம்பரை எங்கிருந்தோ வாங்கி வைத்திருக்கிறான். ஆனால் போனில் மூச்சுச் சத்தம் கேட்கும். யாருடைய மூச்சானாலும் காதுக்குப் பக்கத்தில் கேட்டால் இப்போதெல்லாம் என் கால் சும்மா இருப்பதில்லை. அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை இரையைத் தவறவிட்டேன். முதலில் ஒரு காட்டுப்பன்றி. அது பரவாயில்லை, பன்றி யாரையும் ஏமாற்றும். இரண்டாவது ஒரு நொண்டி மான். மூன்றாவது போன வாரம், பழைய கல்குவாரிக்குள். பெரிய கொம்புள்ள ஆண் மான். மூன்று பக்கமும் பாறைச் சுவர், அதற்கு ஓட வழியே கிடையாது. கழுத்து நரம்பு துடிப்பது தெரிகிற தூரம். பாய்ந்தேன். வாய் நிறைய மண். நடுவுளவன் பார்த்துவிட்டான். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். அதுதான் என்னை அறுத்தது.

மூன்று தவறினால் தலைமை ஓட வேண்டும். நம் வம்சத்தில் எப்போதும் அப்படித்தான். விடியும்போது நான் கிளம்புவேன். வெயில் வாசற்படியைத் தொட்டதும் நீங்கள் கிளம்புவீர்கள். அறுபது மைல் தள்ளி ஆறு. சூரியன் மறைவதற்குள் அதைத் தாண்டிவிட்டால் பிறகு யாரும் தொடக்கூடாது. தாண்டாவிட்டால் பிடித்தவர் என் ரத்தத்தைக் குடிக்க வேண்டும். இதுவரை ஒன்பது பேர் ஓடியிருக்கிறார்கள். ஆற்றைக் கண்ணால் பார்த்தவர்கூடக் கிடையாது. நாள் மார்ச் இருபத்தெட்டு.

நீ வர வேண்டும். உன் அண்ணன்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் உடம்பு கனம். பெரியவன் ஓடினால் இரைப்பது அரை மைலுக்குக் கேட்கும். நூற்றுப் பன்னிரண்டு வயதுவரை துரத்தியவளை அவன் வந்து பிடித்தான் என்றால் எனக்கு என்ன மரியாதை? நம்மில் நீதான் வேகம். நீ பிடித்தால் எனக்குக் கௌரவம்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அம்மா


பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று நாள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னை வந்து கொல் என்று பெற்ற பெண்ணுக்கு எழுதுகிறாய். கடைசி வரியில் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாய். இப்படி ஒரு கடிதம் எழுத உன்னால்தான் முடியும்.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அப்பா ஓடிய அன்று துரத்தியவர்களில் முன்னால் இருந்தது நான்தான். முள்வேலியில் அவர் சட்டை மாட்டிக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் நின்றுவிட்டேன். நீ என் தலைக்கு மேலே தாண்டிப் போனாய், அம்மா. உன் கால் என் முடியில் பட்டது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது வாயைக்கூடத் துடைக்காமல், "வீட்டுக்குப் போங்க, வேலை கிடக்கு" என்றாய். அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன்.

இங்கே ஒரு ரத்த வங்கியில் வேலை. சிரிக்காதே. வரும் பைகளைப் பரிசோதித்து, லேபிள் ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்க வேண்டும். காலாவதியானதை எரிக்க அனுப்ப வேண்டும். அனுப்புகிற வழியில் ஒன்றிரண்டு குறையும். துரத்தாத ரத்தம் உனக்குத் தெரியுமே, தண்ணீர் குடித்த மாதிரிதான். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. என் மேலதிகாரி அக்கா, "இத்தனை ரத்தத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு உனக்கே ரத்தம் இல்லையேம்மா" என்று இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறாள். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து போனில் ரத்தக்காட்டேரிப் படம் பார்க்கிறார்கள். காட்டேரி பகலில் வெளியே வராதாம். கண்ணாடியில் தெரியாதாம். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பசியோடுதான் இருக்கிறேன். ஆனால் பதினொரு வருடமாக ஒரு உயிரைத் தொடவில்லை. நீயும் வா. ஏழாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது. ஓடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 2

சின்னவளுக்கு,

அப்பா ஓடியதற்கு முந்தின நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். "பசங்க கையில என்னை விட்டுடாத. அவனுங்களுக்குக் கடிக்கத் தெரியாது, இழுத்தடிப்பானுங்க. நீயே வந்துடு." நான் வந்தேன். உன்னைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

வாயைத் துடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். துடைத்தால் அவர் போய்விடுவார். மூன்று நாள் துடைக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாவது மாடிக்குக் கூப்பிடுகிறாய். ஜனவரியில் நடந்ததைக் கேள். குவாரிக்குப் போகும் ரோட்டில் ஒருவன் சைக்கிளில் போனான். டிபன் கேரியர் ஹேண்டிலில் ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு மிதித்தான். என் பாட்டுக்கு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தபோது அவனுக்குப் பத்தடி பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மைல் வந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. செயின் கழன்று அவன் இறங்கினான். திரும்பி, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டான். நின்றவனைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது அடங்கிவிட்டது. ஓடியிருந்தால் அவன் இல்லை.

அதற்காகத்தான் இந்த விதி. மிருகத்தைப் பிடிக்க முடியாதவர் சுலபமானதைத் தேடுவார். உன் அப்பாவின் பெரியப்பா ஓட மறுத்தார். ஒரு வாரத்தில் ரோடு போடுகிறவர்கள் தங்கியிருந்த கூடாரத்தில் பதினான்கு பேர். உன் ஊரில் காலையில் பஸ்ஸுக்கு எத்தனை பேர் ஓடுவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அம்மா


மார்ச் 11

அம்மாவுக்கு,

எண்ணிப் பார்த்தேன். ஜன்னலில் நின்று இருபது நிமிஷம். உன்னைக் கூப்பிட்டது தப்பு.

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் எழுதிக் கிழித்தேன்.

இருபத்தேழாம் தேதி வருகிறேன். ஆனால் உன்னைப் பிடிக்க அல்ல. நம்மில் துரத்த மிச்சம் இருப்பது மூன்று பேர். அதில் ஒருத்தி மற்ற இரண்டு பேரையும் வழி மாற்றினால் நீ ஆற்றைத் தாண்டிவிடலாம்.

சின்னவள்


மார்ச் 17

சின்னவளுக்கு,

துரத்துவது போல நடிக்க வருவதாக இருந்தால் வராதே. செத்த மாதிரி நடித்த இரையை நிறையப் பார்த்திருக்கிறேன். நடிக்கிற வேட்டைக்காரியைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

வந்தால் கம்பளி கொண்டு வா. காலையில் இன்னும் குளிர்கிறது.

அம்மா


ஏப்ரல் 14

சின்னவளுக்கு,

ஆற்றின் இந்தக் கரையிலிருந்து எழுதுகிறேன். நம் வம்சத்தில் யாரும் எழுதாத வரி. அதனால் இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து எழுதுகிறேன்.

பதினேழு நாள் பேனாவைத் தொட முடியவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

இத்தனை வருடமும் ஓடுகிறவற்றின் முதுகை மட்டுமே பார்த்தவள் நான். துரத்தும்போது உலகம் ஒரு குழாய் மாதிரி. கடைசியில் ஒரு கழுத்து, அதைத் தவிர எதுவும் கிடையாது. அன்று முதல் முறையாக என் முதுகை மற்றவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் கிளம்பியது காதில் விழுவதற்கு முன்னால் தோலில் தெரிந்தது. அப்போது அந்தக் குழாய் உடைந்தது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. காற்று எந்தப் புல்லை முதலில் சாய்க்கிறது, எந்தக் கல் உருளும், எந்தக் கல் தாங்கும், பின்னால் வருகிற மூன்று பேரில் யார் எந்தக் காலை அழுத்தி வைக்கிறார்கள், மேலே பறக்கிற பருந்து எதைப் பார்க்கிறது, எல்லாம். மான்களுக்கு இவ்வளவும் தெரியுமா என்று ஓடிக்கொண்டே யோசித்தேன். இவ்வளவு தெரிந்த ஒன்றையா நான் தினமும் கொன்றுகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் மிஞ்சவில்லை.

ஆற்றில் விழுந்தேன், இந்தப் பக்கம் ஏறினேன். அக்கரையில் நீ கைகளையும் ஊன்றி நான்கு காலில் நின்றிருந்தாய். உன் பின்னால் சூரியன் இருந்ததால் முகம் தெரியவில்லை.

கரையில் படுத்திருந்தபோது ஒரு முயல் என் கால்மேல் ஏறி ஓடியது. என் உடம்பில் ஒன்றுமே நடக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. அது மூக்கை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அன்றிலிருந்து பசி இல்லை. அந்தப் பசி. இப்போது பாலும் ரொட்டியும் வயிற்றில் தங்குகின்றன. இந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் பின்னறையில் இடம் கொடுத்திருக்கிறார். லாரிச் சக்கரத்தைக் கையால் தூக்கி வைத்தேன். அவர் சக்கரத்தையும் ஜாக்கியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, அப்ப ஜாக்கிய வித்துடலாமா?" என்றார்.

இனிமேல்தான் முக்கியமானது. நிஜமாகத் துரத்தப்பட்டவருக்குத்தான் இந்தப் பசி போகும் என்று நினைக்கிறேன். உயிருக்கு ஓடியதால் போனது. நீ விட்டுக்கொடுத்து நான் தாண்டியிருந்தால், அது போகவில்லை, தூங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் எழும். கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கோடை விடுமுறையிலும் வகுப்பு நடத்துகிறார்களாம். மணி அடிப்பதற்கு முன்னால் தினமும் பின்னறைக்குள் போய், வெளியிலிருந்து பூட்டச் சொல்கிறேன். வெயில் ஆகாது என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ விட்டுக்கொடுத்தாயா?

அம்மா


ஏப்ரல் 22

அம்மாவுக்கு,

கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எழுந்திருக்கவே மனமில்லை.

நீ ஓடியதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதை எழுதுகிறேன்.

முதலில் புல்வெளி. ஆள் உயரப் புல்லில் நீ போன கோடுகூட இல்லை. புல்லை மிதிக்காமல் எப்படிப் போனாய் என்று நடுவுளவன் கேட்டான். பிறகு நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் லாரி, நிற்காத வரிசை. நீ வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கதவு திறந்திருந்த மாதிரி நுழைந்து போனாய். ஒரு டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அவர்கள் உன்னைப் பார்க்கவே இல்லை. பெரியவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "அது அம்மா இல்லடி. நம்ம அம்மாவுக்கு முட்டி வலி" என்றான்.

அதற்கப்புறம் சோலார் பேனல் வயல். மலை அடிவாரம் முழுக்க நீலக் கண்ணாடி, ஆயிரக்கணக்கில், வரிசை வரிசையாக. நீ கீழே போகவில்லை. மேலே ஏறினாய். ஒரு பேனலின் விளிம்பிலிருந்து அடுத்ததன் விளிம்புக்கு. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு நொடி நீ தெரிந்து மறைந்தாய். ஒரே சமயத்தில் நூறு அம்மா ஓடுகிற மாதிரி இருந்தது. ஒன்றுகூட விரிசல் விடவில்லை. நான் ஏறியபோது மூன்றை உடைத்தேன். நான்காவதில் என் கணுக்கால் உடைந்தது.

எக்ஸ்ரே எடுப்பவர், "இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்து வந்தீங்க?" என்று கேட்டார். கட்டுப் போட்டிருக்கிறார்கள். பெரியவன் தோளிலும் கட்டு. கீழே விழுந்தானாம்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றதை நேரில் பேசலாம்.

சின்னவள்


ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

இரண்டு பக்கம் என்னைப் புகழ்ந்துவிட்டு, கேட்ட கேள்விக்கு இரண்டே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் குடத்தை உடைத்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, நீ இன்னைக்கு அழகா இருக்க" என்று சொன்னவள்தானே நீ.

"வருகிறேன். ஆனால் உன்னைப் பிடிக்க அல்ல" என்று எழுதியதும் நீதான். நான் எதை நம்புவது? நேற்று மணி அடித்தபோது கடைக்காரர் பூட்ட மறந்துவிட்டார். கதவு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே நூறு பிள்ளைகள் ஓடுகிற சத்தம். என் கால் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

நல்லதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உண்மையாக எழுது.

அம்மா


மே 8

அம்மாவுக்கு,

எழுதுகிறேன். படித்த பிறகு என்னை வெறுத்தால் அது உன் உரிமை.

உன்னைக் காப்பாற்றத்தான் வந்தேன். முதல் பத்து மைல் வரை அந்த எண்ணம் இருந்தது. நடுவுளவனை ஓடைப் பக்கம் போகச் சொல்லி நானே அனுப்பினேன். பிறகு காற்று திரும்பியது. உன் வாசனை நேராக என் முகத்தில் அடித்தது. நீ பயந்து நான் மோந்ததே இல்லை, அம்மா. வாழ்க்கையில் ஒரு முறைகூட. பதினொரு வருடமாகப் பிளாஸ்டிக் பையில் குடித்த உடம்பு இது. அந்த வாசனை உள்ளே போனதும் என்னிடம் அம்மா என்ற சொல்லே இல்லாமல் போனது. சின்னவள் என்ற சொல்லும் இல்லை. முன்னால் ஒன்று ஓடுகிறது, அது எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவன் விழவில்லை. நெடுஞ்சாலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து, "போதும், விடு" என்று கையைப் பிடித்தான். அவன் தோளைக் கடித்துத் தள்ளிவிட்டுப் போனேன். பேனல் மேல் கால் உடைந்தது எனக்குத் தெரியாது. அந்தக் காலோடு பதினெட்டு மைல் ஓடியிருக்கிறேன். நீ அடித்த வளைவுகள் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் போட்டேன், தெரியாததையும் போட்டேன். சந்தோஷமாக இருந்தது, அம்மா. அதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

உன் இடது குதிகாலைப் பார். பாறை கிழித்தது என்று நினைத்திருப்பாய். என் பல். கரையில் உன் குதிகால் என் வாய்க்குள் இருந்தது. வாயை மூடினேன். நீ அங்கே இல்லை. வாயில் ஆற்றுத் தண்ணீர் இருந்தது. இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்த ஒன்று எப்படி அங்கே இல்லாமல் போகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாதிக் கடிக்குள் நீ என்னைவிட வேகமாக இருந்தாய்.

நீ அக்கரையில் எழுந்தபோதும் யார் என்று தெரியவில்லை. நீ ஈரத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு கையாலும் முடியைப் பிழிந்தாய். குளித்துவிட்டு வந்து நிற்பாயே, அது மாதிரி. அப்போதுதான் அம்மா என்று தெரிந்தது. சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது நல்லதாகப் போயிற்று. என் முகத்தை நீ பார்க்கவில்லை.

விட்டுக்கொடுத்தாயா என்று கேட்டாய். இல்லை. உன்னைக் கொல்லத்தான் ஓடினேன். முடியவில்லை.

அன்றிலிருந்து பைகள் என் தொண்டையில் இறங்குவதில்லை. வேலைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன்.

சின்னவள்


மே 15

சின்னவளுக்கு,

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. கடைக்காரர் டயரை மிதித்துக்கொண்டே, "என்ன பெரியம்மா, நல்ல செய்தியா?" என்று கேட்டார். "என் பொண்ணு என்னைக் கொல்லப் பாத்தாளாம்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

குதிகாலைப் பார்த்தேன். மேலே நான்கு, கீழே மூன்று. உனக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்திருக்கிறது, எழுதவே இல்லையே. இத்தனை நெருக்கத்தில் வாயை வைத்த பிறகு எந்த இரையும் எனக்குத் தப்பியதில்லை. நான் பார்த்த எல்லா வேட்டையிலும் பெரியது இது. செய்தது நீ. வெட்கப்படுவதை நிறுத்து. நீ ஒரு அடி மெதுவாக வந்திருந்தால்கூட நான் அந்த அளவுக்கு ஓடியிருக்க மாட்டேன்.

மத்தியானம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். மணி அடித்தது. பையும் தண்ணீர் பாட்டிலும் குதிக்கக் குதிக்க நூறு பிள்ளைகள் என்னைச் சுற்றி இரண்டு பக்கமும் ஓடினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். கால் தரையிலேயே இருந்தது. ஒரு பெண் குழந்தை தடுக்கி விழுந்தது. முட்டியில் ரத்தம். கடைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவினேன். விரலில் பட்டது. சிவப்பாக, சூடாக இருந்தது, அவ்வளவுதான். "எரியுது" என்று அழுதது. ஊதிவிட்டேன்.

நூற்றுப் பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்தது இவ்வளவு பெரியது என்று யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

தலையைக் குனிந்து எவ்வளவு நாள் நடப்பாய்? உன் அண்ணன்களுக்கு நானே எழுதுகிறேன். மூன்று தவறும் வரை காத்திருக்க வேண்டாம், ஓட நினைக்கிறவர் எந்த வயதிலும் ஓடலாம் என்று. அவர்கள் உன்னை நிஜமாகத் துரத்த வேண்டும், பாசம் காட்டக் கூடாது. பெரியவனுக்குத் தோளில் காரணம் இருக்கிறது, அவன் நன்றாகவே துரத்துவான். பயமாக இருக்கும். பிடிபட்டாலும் படலாம், அதை மறைத்து எழுத மாட்டேன்.

கால் எலும்பு கூடட்டும். ஓடலாம் என்று தோன்றினால் தேதியை எழுது. வேண்டாம் என்று தோன்றினால் பாலத்தில் பஸ் வருகிறது, அதில் ஏறி என்னைப் பார்க்க வா. ஓடுவதாக இருந்தால், வளைவு தாண்டி இரண்டு பெரிய பாறைக்கு நடுவில் ஆழம் குறைவு. அங்கே இந்தக் கரையில் காலையிலிருந்தே நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா